கேரவனில் கட்டமைப்புக் குறை: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வாரண்டி வழிகாட்டி

புதிதாகக் கேரவன் வாங்கியவர்கள் பெரும்பாலும் வண்டிக்கு ஒரே வாரண்டிதான் இருப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் குறைந்தது மூன்று இருக்கும். எஞ்சின், கியர்பாக்ஸ், அச்சு, சேசிஸ் எனும் அடிச்சட்டம் ஆகியவற்றுக்கு வண்டி நிறுவனம் பொறுப்பு. அதன்மேல் சுவர், கூரை, தரை, ஜன்னல், கதவு எல்லாம் எழுப்பியதற்குப் பாடி கட்டிய பட்டறை பொறுப்பு. உள்ளே வைத்த ஏசி, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், தண்ணீர் பம்ப் ஒவ்வொன்றுக்கும் அதனதன் தயாரிப்பாளர் பொறுப்பு.

கூரையில் ஏசி வைக்க வெட்டிய துளை வழியாகத் தண்ணீர் இறங்குகிறது என்று வையுங்கள். ஏசிக்காரர் பாடிக்காரரைக் கைகாட்டுவார். பாடிக்காரர், சேசிஸ் முறுக்கிக்கொள்வதால் சந்து விட்டுவிட்டது என்பார். சேசிஸ் விற்ற டீலர், வெளியில் பாடி கட்டிய வண்டிக்கு எங்களைக் கேட்காதீர்கள் என்பார். மூவர் பேச்சிலும் கொஞ்சம் நியாயம் இருப்பதுதான் தொல்லை. அதனால், பழுது பார்த்துக் கொடுங்கள் என்று கேட்பதற்கு முன்பே, குறை எங்கே தொடங்குகிறது, அந்த இடம் யார் செய்த வேலை என்ற இரண்டையும் எழுத்தில் நிலைநாட்டிவிட வேண்டும். மற்ற படிகளெல்லாம் இதற்குத் துணைதான்.

எதைக் கட்டமைப்புக் குறை என்று சொல்லலாம்

அலமாரிக் கீல் தளர்வதும், பீடிங் என்ற ஓரப்பட்டை உரிவதும், ரெக்ஸின் சுருங்குவதும் கட்டமைப்புக் குறைகள் ஆகா. அவற்றைத் தனிப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய புகாரோடு கலந்தால், பட்டறை கீலை மாற்றிக் கொடுத்துவிட்டு ‘புகார் தீர்ந்தது’ என்று எழுதிவிடும்.

கேரவனின் பக்கச் சுவர் பொதுவாக அடுக்குகளால் ஆனது. வெளியே ஃபைபர் அல்லது அலுமினியத் தகடு, நடுவில் சட்டமும் ஃபோமும், உள்ளே பிளைவுட். எல்லாம் பசையால் ஒட்டப்பட்டவை. தண்ணீர் உள்ளே போனால் பசை விட்டு, அடுக்குகள் பிரிந்து, வெளித்தகடு அலையலையாக உப்பும். ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தால் சுவரை வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். ஒட்டியிருக்கும் இடம் இறுக்கமான ஒலி தரும். பிரிந்த இடம் பொள்ளலாக ஒலிக்கும். அந்த எல்லையைச் சுண்ணக்கட்டியால் கோடிட்டுப் படம் எடுத்துவைத்தால், அடுத்த மாதம் அது வளர்ந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

கதவோரத்திலும் குளியலறை வாசலிலும் தரை மிதித்தால் அமுங்குவது, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கீறல் ஓடுவது, பின்சக்கரத்துக்கு மேலே சட்ட வெல்டிங்கில் விரிசல் விடுவது ஆகியவையும் கட்டமைப்புக் குறைகளே. மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் ஏறி நிற்கும்போது கதவு உரசுவது பெரிய விஷயமில்லை. நீளமான வண்டி கொஞ்சம் முறுக்கத்தான் செய்யும். சமதரையிலும் உரசினால்தான் கவலை.

நம் கடற்கரையில் இன்னொன்றும் உண்டு. தேவனாம்பட்டினம் பக்கமோ புதுச்சேரி கடற்கரை ஓரமோ வண்டியை நிறுத்துகிறவர்கள், அலுமினியத் தகட்டில் திருகு இறங்கிய இடங்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு வேறு உலோகங்கள் தொட்டு நிற்கும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும். துருப்பிடிக்காத எஃகுத் திருகு போட்டிருக்கிறோம் என்று பட்டறை பெருமையாகச் சொன்னாலும், இடையில் சீலன்டோ (சந்தை அடைக்கும் பசை) நைலான் வாஷரோ இல்லாவிட்டால் அரிப்பு வரும்.

முதலில் காகிதங்கள்

ஆர்.சி. புத்தகத்தை எடுத்து, வண்டி வகை மோட்டார் கேரவன் என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் மோட்டார் கேரவன்களுக்கு ஏஐஎஸ்-124 என்ற தனித் தரநிலை இருக்கிறது. அதன்படி ஒப்புதல் பெற்ற வடிவமா என்பதைப் பட்டறையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சாதாரண வேனாகப் பதிவான வண்டியின் உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்துக் கொடுத்திருந்தால், அது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி அனுமதியில்லாத மாற்றமாகிவிடும். வாரண்டி பேச்சு அங்கேயே பலவீனப்படும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் அதையே பிடித்துக்கொள்ளும்.

வரி குறைவு என்று புதுச்சேரியில் பதிவுசெய்து கடலூரில் ஓட்டுகிறவர்கள் நிறைய. 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் பதிவை மாற்றியாக வேண்டும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். முகவரிக் குழப்பம் பிறகு புகாரிலும் வந்து நிற்கும்.

சேசிஸ் பில், பாடி பில், உபகரண பில் மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். பாடி பில்லில் ‘பிளைவுட்’ என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. ஐஎஸ் 303 என்பது சாதாரண உபயோகத்துக்கான பிளைவுட். ஐஎஸ் 710 என்பது தண்ணீரைத் தாங்கும் மரைன் பிளைவுட். மரைன் என்று வாயால் சொல்லிச் சாதாரணப் பலகையைப் போட்டிருப்பது தரையைப் பிரிக்கும்போதுதான் வெளியே வரும். அப்போது கையில் தரநிலை எண்ணோடு பில் இருந்தால் பேச்சு சுருங்கிவிடும்.

பாடி வாரண்டியின் விலக்குகளை முழுதாகப் படியுங்கள். சந்துகளின் சீலன்டைக் குறிப்பிட்ட இடைவெளியில் உரிமையாளர் சோதித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைப்பவர்கள் உண்டு. அப்படி இருந்தால் சோதித்த தேதியோடு படம் எடுத்து வைப்பது உங்கள் வேலை.

கசிவின் ஊற்றைக் கண்டுபிடிப்பது

பெரும்பாலான கட்டமைப்புக் குறைகளுக்குத் தண்ணீர்தான் மூலம். ஆனால் ஈரம் தெரிகிற இடமும் தண்ணீர் நுழைகிற இடமும் அநேகமாக ஒன்றாக இராது. கூரையின் முன்மூலையில் நுழைந்த நீர், சட்டக் குழாய்க்குள் ஓடிப் பின்கட்டிலின் அடியில் வெளிப்படும். கட்டிலடியைக் காட்டிப் புகார் கொடுத்தால் கட்டிலடியைத்தான் பூசித் தருவார்கள்.

வண்டியை இரண்டு மூன்று நாள் வெயிலில் நன்றாக உலரவிடுங்கள். ஏசியை இயக்க வேண்டாம். உள்ளே அலமாரிகளைக் காலிசெய்து, மூலைகளிலும் ஜன்னல் அடிகளிலும் செய்தித்தாளை ஒட்டிவையுங்கள்; சொட்டு ஈரத்தையும் அது காட்டிக்கொடுக்கும். தோட்டத்துக் குழாயில் மழையளவு வேகத்தில் தண்ணீர் விட்டால் போதும். வாட்டர் வாஷ் கடையின் அழுத்தக் குழாய் வேண்டாம். அது நல்ல சீலன்டையும் கிளப்பிவிடும், பட்டறைக்கும் வசதியான சாக்காகிவிடும்.

கீழிருந்து மேலே போக வேண்டும் என்பது முக்கியம். சக்கர வளைவு, ஜன்னலின் கீழ் விளிம்பு, பக்க விளிம்புகள், மேல் விளிம்பு, சுவரும் கூரையும் சேரும் சந்து, கடைசியாகக் கூரை மேலுள்ள துளைகள் என்ற வரிசையில் ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் நீர் விடுங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லாச் சந்துகளும் ஒரே நேரத்தில் நனைந்து, எது கெட்டது என்பது தெரியாமல் போகும். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்து, நிறுத்தாமல் வீடியோ எடுக்க வேண்டும். வீடியோ நம்பர் பிளேட்டிலிருந்தும் அன்றைய நாளிதழிலிருந்தும் தொடங்கட்டும்.

இரண்டு சந்துகள்மேல் சந்தேகம் இருந்தால், ஒன்றுக்கு மட்டும் சொட்டு நீலம் கலந்த தண்ணீர் விட்டுப் பாருங்கள். வெள்ளை ரெக்ஸினில் கறை படியும் என்பதால் துணி விரித்துக்கொள்வது நல்லது.

‘இது மழைத் தண்ணீர் இல்லை சார், ஏசி வேர்வை’ என்பது சர்வீஸ் சென்டரில் வழக்கமாகக் கிடைக்கும் பதில். ஏசி போடாமல் எடுத்த வீடியோ இருந்தால் அந்த வாதம் எழாது. மரக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் ஊசி வகை ஈரமானி ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். பலகையில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் நிலைத்து நின்றால் உளுத்துப்போகத் தொடங்கும். ஒரே சுவரில் காய்ந்த இடத்தின் அளவையும் ஈர இடத்தின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைப்பதுதான் பயன் தரும். கடற்கரைக் காற்றில் தனி எண் ஒன்றுக்கு அதிக அர்த்தம் இல்லை.

இந்தச் சோதனையை டெலிவரி எடுக்கும் நாளிலேயே, பணத்தின் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் பட்டறை வாசலில் செய்யச் சொல்லுவேன். சித்திரை வைகாசியில் வாங்கிய வண்டியில் ஐப்பசி கார்த்திகை வரை எந்தக் குறையும் தெரியாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது பெய்தது போன்ற மழைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு குழாயும் அரை நாளும் போதும். வாரண்டி முடிவதற்கு ஒரு மாதம் முன்பு மறுபடி ஒருமுறை செய்துவிடுங்கள்.

எடை மேடைக்கு ஒரு நடை

சட்டத்தில் விரிசல் என்று சொன்னவுடன் வரும் எதிர்க்கேள்வி, ‘எவ்வளவு பாரம் ஏற்றினீர்கள்?’ என்பதுதான். நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கம் லாரிகளுக்கான எடை மேடைகள் கிடைக்கும். தண்ணீர்த் தொட்டி, டீசல், சாமான் எல்லாம் நிரப்பி, முதலில் முன் அச்சை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு, பிறகு முழு வண்டிக்கு ஒரு சீட்டு வாங்குங்கள். கழித்தால் பின் அச்சின் பாரம் தெரியும். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடைக்குள் இருந்தால் அந்தச் சீட்டு உங்கள் பக்கம் பேசும். தாண்டியிருந்தால், அதுவும் சில நேரம் உங்கள் பக்கமே பேசும்: நீங்கள் எதையும் ஏற்றாத நிலையிலேயே வண்டி எல்லையைத் தொட்டு நின்றால், அது பாடி வடிவமைத்தவரின் குறை. நூறு லிட்டர் தொட்டி நிரம்பினால் நூறு கிலோ. அதைப் பின்கடைசியில் வைத்துவிட்டுச் சட்டம் தொங்குகிறது என்றால் யார் பொறுப்பு என்று கேட்கலாம்.

புகாரை எழுதும் முறை

தொலைபேசியில் சொன்ன புகார் சொல்லாத புகாருக்குச் சமம். வாட்ஸ்அப் செய்தி பரவாயில்லை. மின்னஞ்சலும், ஒப்புகையோடு கூடிய விரைவு அஞ்சலும் இரண்டும் வேண்டும். ஒரே கடிதத்தை மூன்று தரப்புக்கும் அனுப்பி, மூன்று பெயரும் மேலே இருக்கும்படி எழுதுங்கள். ஒருவர் மற்றவரைக் காட்டினால் அந்த மற்றவர் அதைப் படித்துக்கொண்டிருப்பார். வாசகம் இப்படி இருக்கலாம்:

‘(தேதி) அன்று டெலிவரி எடுத்த, (பதிவெண்), (சேசிஸ் எண்) கொண்ட எனது மோட்டார் கேரவனில், இடப்பக்கச் சுவரும் கூரையும் சேரும் சந்தில், முன் ஜன்னலுக்கு மேலே தண்ணீர் உள்ளே வருகிறது. (தேதி) அன்று ஏசி இயக்காமல் செய்த நீர்ச் சோதனையின் வீடியோவும், ஈர அளவுகளும், எடைச் சீட்டும் இணைக்கப்பட்டுள்ளன. இதன் விளைவாக இடப்பக்கச் சுவரின் உள் அடுக்கு பிரிந்திருக்கிறது. குறை வாரண்டி காலத்துக்குள் தெரிவிக்கப்படுகிறது. 15 நாட்களுக்குள் வண்டியை ஆய்வுசெய்து, குறையின் காரணத்தையும் செய்யவிருக்கும் பழுதுவேலையின் விவரத்தையும் எழுத்தில் தர வேண்டுகிறேன். வேறு தரப்பு பொறுப்பு என்று கருதினால் அதற்கான தொழில்நுட்பக் காரணத்தைத் தெரிவிக்கவும்.’

கோபம், ஏமாற்றம், பிள்ளைகள் அழுதது, சுற்றுலா கெட்டது எதுவும் இந்தக் கடிதத்தில் வேண்டாம். அவற்றுக்கு இடம் இழப்பீடு கேட்கும்போது வரும்.

பதில் வரும்வரை சேதம் வளராமல் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை. தார்ப்பாய் போடுங்கள். கசியும் இடத்தில் சிலிக்கோனைப் பிழியாதீர்கள். சிலிக்கோன் படிந்த இடத்தில் பிறகு வேறு எந்தச் சீலன்டும் சரியாகப் பிடிக்காது. உரிமையாளரே கைவைத்துவிட்டார் என்று வாரண்டியும் போகும். கடலூர் துறைமுகம் பக்கம் ஃபைபர் படகு பழுதுபார்ப்பவர்களில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகியதோடு இந்தக் கைத்தொழிலும் இந்தக் கரையில் வேர்விட்டது. வாரண்டி முடிந்த வண்டிக்கு, ஊர் ஊராகப் போவதைவிட அவர்களிடம் கொடுப்பதே மேல் என்பது என் கருத்து. வாரண்டி இருக்கும்போது மட்டும், பட்டறையின் எழுத்து அனுமதி இல்லாமல் அவர்களைத் தொடவிடக் கூடாது.

பட்டறையில் விடும் நாள்

பாடி கட்டியது கரூரில் என்றால் அங்கேதான் கொண்டுவரச் சொல்வார்கள். போய்வரும் டீசல், சுங்கக் கட்டணம் யாருடையது என்பதைப் புறப்படுவதற்கு முன்பே கேளுங்கள். ஓட்ட முடியாத அளவு சட்டத்தில் விரிசல் விட்டிருந்தால் ஓட்டிப் போகாதீர்கள். வழியில் ஆகும் சேதம் உங்கள் தலையில் விழும்.

ஜாப் கார்டு (பட்டறை எழுதித் தரும் வேலைச் சீட்டு) இல்லாமல் சாவியைக் கொடுக்க வேண்டாம். அதில் உங்கள் புகார் உங்கள் சொற்களிலேயே இருக்க வேண்டும். ‘பொதுச் சோதனை’ என்று எழுதியிருந்தால் அடித்துத் திருத்தச் சொல்லுங்கள். ஓடிய கிலோமீட்டர், விட்ட தேதி, திருப்பித் தரும் தேதி மூன்றும் வேண்டும். வண்டி பட்டறையில் கிடக்கும் நாட்களுக்கு வாரண்டியை நீட்டிக் கேட்டு ஒரு வரி எழுதுங்கள். மறுத்தாலும் கேட்டதற்குப் பதிவு இருக்கும்.

எது உண்மையான பழுதுவேலை என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஈரப் பகுதியைத் திறந்து, உளுத்த பலகையை வெட்டி எடுத்து, முழுதாக உலர்த்தி, புதுப் பலகை வைத்து ஒட்டி, சந்தின் பழைய சீலன்டைச் சுரண்டி நீக்கி, விளிம்புக்கு அடியில் பியூட்டைல் டேப் என்ற ஒட்டும் ரப்பர் பட்டையும் மேலே பாலியூரித்தேன் சீலன்டும் இட வேண்டும். உலர்வதற்கே பல நாள் பிடிக்கும். மழைக்காலத்தில் இன்னும் கூடும். காலையில் விட்ட வண்டியை மாலையில் தந்தால் சுவருக்குள் ஈரம் அப்படியே இருக்கிறது என்று பொருள். உப்பிய தகட்டை ரிவெட் அடித்து இறுக்குவதும், துளையிட்டு ஃபோம் செலுத்துவதும் புண்ணைக் கழுவாமல் கட்டுப்போடுவது மாதிரி. ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

சேசிஸில் வெல்டிங் என்றால் வண்டி நிறுவனத்தின் எழுத்து ஒப்புதல் தேவை. வெல்டிங் தொடங்குமுன் பாட்டரி இணைப்பைக் கழற்றுகிறார்களா என்றும் பாருங்கள். மின்னணுப் பெட்டி எரிந்துபோனால் அது புதிய சண்டை.

மாற்றிய பழைய பலகையில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். பிளைவுட்டின் தரம் குறித்துப் பின்னால் தகராறு வந்தால் அந்தத் துண்டுதான் சாட்சி.

வெள்ளச் சேதத்தை இதனோடு கலக்காதீர்கள்

தென்பெண்ணையோ கெடிலமோ பெருகி வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால் அது காப்பீட்டுப் பாலிசியின் கீழ் வரும், வாரண்டியில் வராது. சாதாரண மழையில் கூரைச் சந்து ஒழுகினால் அது வாரண்டி. காப்பீட்டு நிறுவனம் தயாரிப்புக் குறைக்குப் பணம் தராது. இரண்டும் ஒரே வாரத்தில் நடந்திருந்தால், சுவரில் வெள்ளக் கறை நின்ற உயரத்தை அளந்து படம் எடுங்கள். அதற்கு மேலே இருக்கும் ஈரத்துக்கு வெள்ளம் பொறுப்பாகாது. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள்.

மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம்

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவுசெய்யலாம். காசு செலவில்லை, சில நிறுவனங்கள் இதற்கே இறங்கிவருகின்றன. அதன்பின் வழக்கறிஞர் நோட்டீஸ். அதற்கும் மசியாவிட்டால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்.

கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரை உள்ள புகாருக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். பலருக்குத் தெரியாத சலுகை ஒன்று உண்டு: வாங்கிய ஊரில் போய் வழக்குப் போட வேண்டியதில்லை, நீங்கள் வசிக்கும் இடத்திலேயே போடலாம். பாடி கரூரில் கட்டியிருந்தாலும், சேசிஸ் புதுச்சேரியில் வாங்கியிருந்தாலும், கடலூர்க்காரர் கடலூர் மாவட்ட ஆணையத்தில் மூவரையும் எதிர்தரப்பாகச் சேர்க்கலாம். வசிப்பிடச் சான்று மட்டும் கடலூரைக் காட்ட வேண்டும், ஆர்.சி.யில் புதுச்சேரி முகவரி கொடுத்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். இ-ஜாக்ரிதி தளம் வழியாக இணையத்திலும் தாக்கல் செய்யலாம்.

காலக்கெடு 2 ஆண்டு. ‘பார்த்துத் தருகிறோம்’ என்ற பேச்சில் அது கரைந்துவிடக் கூடாது. சுற்றுலாவுக்கு வாடகைக்கு விடும் வண்டி என்றால், வணிக நோக்கம் என்று சொல்லி உங்களை நுகர்வோரே இல்லை என்பார்கள். ஒரே வண்டியை நீங்களே ஓட்டிப் பிழைப்பு நடத்துகிறீர்கள் என்றால் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. அதைப் புகாரின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

குறையைச் சரிசெய்வது, பொருளை மாற்றித் தருவது, பணத்தைத் திருப்புவது, இழப்பீடு எல்லாவற்றுக்கும் ஆணையம் உத்தரவிடலாம். நடைமுறையில், ஒருமுறை கசிந்த வண்டிக்கு முழுப் பணத்தையும் கேட்பதைவிட, முறையான பழுதுவேலையோடு செலவையும் கேட்பது சீக்கிரம் முடிகிறது. இருமுறை பழுது பார்த்தும் அதே சந்து ஒழுகினால் பணத்தைத் திருப்பிக் கேட்கத் தயங்க வேண்டாம். பொருளைச் சோதனைக்கு அனுப்பச் சட்டத்திலேயே வழி இருப்பதால், ஆட்டோமொபைல் பொறியாளர் ஒருவரின் அறிக்கையை முதலிலேயே இணைப்பது நல்லது.

நடுவில் சமரசம் பேச வருவார்கள். வரட்டும். கையெழுத்துக்கு முன், செய்து தரப்போகும் வேலையின் விவரம், முடிக்கும் தேதி, புதிய வேலைக்குத் தனி வாரண்டி எத்தனை மாதம், போக்குவரத்துச் செலவு யாருடையது என்ற நான்கும் தாளில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘முழுத் திருப்தி’ என்று அச்சடித்த சீட்டை நீட்டினால், அதே குழாயை எடுத்து, அதே சந்தில் பத்து நிமிடம் நீர் விட்டுப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். சோதிக்க விடமாட்டேன் என்றால், ‘நீர்ச் சோதனை செய்ய அனுமதிக்கப்படவில்லை’ என்று கையெழுத்துக்கு மேலே எழுதி, அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டு வண்டியை எடுத்துவாருங்கள்.